கத்தரிக்காய் நிற டியூலிப்

தலைக்கு மேல பிளேன் போகேக்க கதையைப் பாதியில நிப்பாட்டி, அது போன பிறகு விட்ட சொல்லில இருந்து திரும்பத் தொடங்கி வளர்ந்த ஆக்கள் ஆராவது இருந்தால் கிட்ட வந்து இருங்கோ. இது உங்களுக்குத்தான். எங்கட பிள்ளையளுக்குச் சொல்லிப் பார்த்தன். "ஒரு பூவுக்கா இவ்வளவு?" எண்டு கேட்டுப்போட்டு போனுக்குள்ள தலையை விட்டிட்டுதுகள். ஓம், ஒரு பூவுக்குத்தான். என்ன செய்யிறது?

முன்னுக்கே சொல்லிப்போடுறன், எனக்குப் பொறாமை. காலமை எழும்பேக்கையே எரியத் தொடங்கி, படுக்கையில போர்வைக்குள்ள பூந்த பிறகும் புகைஞ்சுகொண்டு கிடக்கிற பொறாமை. ஆரில எண்டால் மச்சாளில. மச்சாள் எண்டது மாமியின்ர மகள், மாமி எண்டது அப்பாவின்ர தங்கச்சி. எண்பதுகளின்ர கடைசியில, லண்டன் ஏர்ப்போர்ட்டுக்குக் கிட்ட, ஹவுன்ஸ்லோவில அவையும் நாங்களும் ஒரே சுவரில ஒட்டின ரெண்டு வீட்டில இருந்தனாங்கள். அவை முதல் வந்தவை, வீடு வாங்கினவை. நாங்கள் பிறகு வந்து வாடகைக்கு இருந்தனாங்கள். அந்த வாடகை வீட்டை மாமாதான் ஓடித்திரிஞ்சு பிடிச்சுத் தந்தவர், அதை மாமி ஒருநாளும் எங்களை மறக்க விட்டதில்லை.

மச்சாள் என்னைவிட ஒரு வயசு மூப்பு. ஒரு வயசில என்ன இருக்கு எண்டு நினைப்பியள். எல்லாம் அதிலதான் இருக்கு. அவள் போட்டுக் கழிச்சதெல்லாம் எனக்கு வரும். நேவி நீலக் கோட்டு ஒண்டு வந்தது, கழுத்துக்கு உள்பக்கம் அவளின்ர பேர் தைச்ச துண்டோட. அம்மா அதைக் கழட்டேல்லை. "ஆர் உள்ளுக்குப் பார்க்கப் போகினம்?" எண்டா. பள்ளிக்கூடத்தில அந்தக் கோட்டை எங்கயாவது விட்டிட்டு வந்தால் ரீச்சர் நேராய்க் கொண்டுபோய் அவளிட்டைக் குடுப்பா. அவளின்ர பழைய ரோலர் ஸ்கேட்டும் வந்தது. அதில ஒரு சில்லு இடப்பக்கம் இழுக்கும். நான் இண்டைக்கும் கொஞ்சம் சரிஞ்சு நடக்கிறது அதாலதான் எண்டு சொன்னால் என்ர மனுசன் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவருக்கு எல்லாம் புதுசாய் வாங்கிக் குடுத்து வளர்த்தவை.

கோட்டைப் பொறுத்தன், ஸ்கேட்டைப் பொறுத்தன். மாமி வீட்டு டியூலிப்பைத்தான் பொறுக்க ஏலாமல் கிடந்தது.

மாமி வீட்டு முன் யன்னலுக்குக் கீழ சிவப்பு டியூலிப் வரிசையாய் நிக்கும். நட்டது மாமி இல்லை. அந்த வீட்டில முதல் இருந்த வெள்ளைக்கார மனுசி நட்டுப்போட்டு, வீட்டை வித்திட்டுப் போயிட்டா. பூ தன்ரபாட்டில பங்குனியில முளைச்சு, சித்திரையில பூத்து, வைகாசியில செத்துப் போகும். மாமி அதுக்கு ஒரு கோப்பை தண்ணி ஊத்தினதை நான் கண்டதில்லை. ஆனால் கோயிலால வாற சனம் வாசலில நிண்டு, "என்ன வடிவாய்ப் பூத்திருக்கு!" எண்டால் மாமி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "எனக்குக் கைராசி" எண்டுவா.

அம்மா எங்கட யன்னல் சீலைக்குப் பின்னால நிண்டு இதைக் கேட்டுக்கொண்டு நிப்பா. "தானாய் முளைக்கிறதுக்கு இவவுக்கு என்ன எடுப்பு! கண்டறியாத பூ. வாசமும் இல்லை, ஒண்டுமில்லை." வாய்தான் அப்பிடிச் சொல்லும். குப்பை வைக்கப் போற சாட்டில அந்தச் சுவரடியில போய் நிண்டு, பூவைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுறது ஆர்? எனக்கு மூக்கு அப்பாவின்ர மூக்கு, பொறாமை அம்மாவின்ர பொறாமை. ரெண்டும் நல்லாய்ப் பொருந்தி வந்திருக்கு.

ஒரு ஐப்பசி மாசம் அப்பா ஷிப்ட் முடிஞ்சு வரேக்க ஒரு வலைப்பை கொண்டு வந்தார். அவர் ஏர்ப்போர்ட்டில கார்கோவில வேலை. அங்க அவரோட நிண்ட ஒல்லாந்துக்காரன் குடுத்ததாம். ஒல்லாந்துக்காரர் எண்டால் யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டினவங்கள் எண்டுதான் எனக்குத் தெரியும், பூவும் வைச்சிருக்கிறாங்கள் எண்டு அண்டைக்குத்தான் அறிஞ்சன். பைக்குள்ள வெங்காயம் மாதிரிக் கிழங்குகள், மண்ணிறத் தோலோட, தொட்டால் சரசரக்கும். அதோட ஒரு மட்டையில பூவின்ர படம். சிவப்பில்லை. மஞ்சளில்லை. நல்லாய் மினுக்கின கத்தரிக்காய் மாதிரி, கறுப்போ ஊதாவோ எண்டு சொல்ல ஏலாத நிறம். லைட்டுக்குக் கீழ பிடிச்சால் ஒரு நிறம், தள்ளிப் பிடிச்சால் இன்னொரு நிறம்.

"இது உனக்கு" எண்டார் அப்பா.

"எனக்கோ? மச்சாளுக்கு இல்லையோ?"

"உனக்குத்தான் பிள்ளை. நீ நடு, நீ பார், நீ பூப்பிடுங்கு."

அந்த வலைப்பையை நான் தலைமாட்டில வைச்சுக்கொண்டு படுத்தன். மச்சாள் தொடாத சாமான், மச்சாள் போடாத சாமான், மச்சாளின்ர பேர் தைக்காத சாமான். அப்பிடி ஒண்டு எனக்கெண்டு இந்த லண்டனுக்கு வந்த பிறகு கிடைச்சது அதுதான் முதல்.

நட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர் காலுக்குள்ளால ஏறுது. மட்டைக்குப் பின்பக்கம் இங்கிலீசில எழுதியிருந்ததை நான் வாசிச்சுக் காட்டினன். "அப்பா, ஆழமாய்க் கிண்டித் தாட்டு விடச் சொல்லிக் கிடக்கு." அப்பா என்னைப் பார்த்த பார்வை! "உதை எழுதினவன் மண்வெட்டி பிடிச்சவனே? நான் வெங்காயத் தோட்டத்துக்குள்ள பிறந்து வளர்ந்தவன். மூடித் தாட்டால் அழுகிப் போகும்." எங்கட முன் வளவில, மாமி வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில இருக்கிற கட்டைச் சுவரோட அண்டி ஒரு சின்னப் பாத்தி கட்டினார். வரம்பு எடுத்து, மண்ணை உதிர்த்து, ஊரில வெங்காயம் நடுற மாதிரியே கிழங்கை விரலால பாதி அமுக்கி, மூக்கு வெளியில தெரிய நட்டார். நானும் அப்பிடியே நட்டன். எல்லாம் கிட்டக்கிட்ட, பள்ளிக்கூடத்தில வரிசையில நிக்கிற பிள்ளையள் மாதிரி. கடைசியில அந்தப் பட மட்டையை ஒரு தடியில கட்டி நடுவில குத்தி விட்டன். மச்சாள் தங்கட யன்னலால பார்த்துக்கொண்டு நிண்டாள். பார்க்கட்டும் எண்டு இன்னும் கொஞ்ச நேரம் மினைக்கெட்டன்.

சனிக்கிழமையில அம்மா விரதம். காகத்துக்குச் சோறு வைக்காமல் ஒரு பருக்கை வாயில வைக்க மாட்டா. அந்தக் கட்டைச் சுவரிலதான் வாழையிலைக்குப் பதிலாய் ஒரு கடதாசித் தட்டில சோறும் பருப்பும் வைச்சிட்டு, "கா கா" எண்டு கூப்பிடுவா. லண்டன் காகம் அன்ரனாவில இருந்து எங்களைக் கேவலமாய்ப் பார்க்கும், இறங்காது. வாறது அணில்தான். பூனைக்குட்டி அளவு சாம்பல் நிற அணில், வாலை ஒரு பக்கம் எறிஞ்சுபோட்டுக் குந்தி இருந்து, ரெண்டு கையாலயும் அள்ளித் தின்னும்.

"அம்மா, காகத்துக்கு வைச்சதை அணில் தின்னுது."

"தின்னட்டும். ராமருக்குப் பாலம் கட்டின சீவன்."

"இதுக்கு முதுகில கோடு இல்லையே?"

"ராமர் இஞ்சாலைப் பக்கம் வரேல்லைப் போல. அதுக்கு அது என்ன செய்யும், பாவம்."

அணில் கொழுத்துது. ஒண்டோட ரெண்டு, ரெண்டோட அதின்ர சொந்தக்காரர் எல்லாம் வரத் தொடங்கிச்சினம். மார்கழியில பாத்தியில அங்கங்க மண் கிண்டுப்பட்டுக் கிடந்தது. "ஆற்றையோ பூனை" எண்டு அப்பா தடவி மூடி விட்டார். எங்கட ஊர் அணில் மாங்காய் கடிக்கும், கொய்யாப்பழம் கடிக்கும். மண்ணைக் கிண்டும் எண்டு எங்களில ஒருத்தருக்கும் சொப்பனத்திலயும் வரேல்லை.

பங்குனி வந்தது. பள்ளிக்கூடத்தால வந்து கோட்டுக் கழட்ட முதல் பாத்தியைத்தான் பார்ப்பன். மாமி வீட்டுப் பக்கம் சிவப்புக்காரர் எல்லாரும் வழக்கம் போல குத்தி நிமிர்ந்திட்டினம். என்ர பாத்தியில ஒரு ஓரத்தில கொஞ்ச இலை, மிச்சம் வெறும் மண். நடுவில அந்தப் பட மட்டை மட்டும் மழையில ஊறி, வெளிறி, வளைஞ்சுபோய் நிக்குது. நான் கிட்ட இருந்து, கள்ளமாய் விரலால மண்ணைத் தடவித் தடவிப் பார்ப்பன். "பொறு, வெங்காயமும் உடனே வாறேல்லை" எண்டார் அப்பா. அவரின்ர குரலில பழைய வீரம் இல்லை.

பிறகு ஒருநாள் பின்னேரம், மாமி வீட்டுச் சிவப்பு வரிசைக்கு முன்னால, புல்லுக்குள்ள, ஒழுங்கில்லாமல் அங்கொண்டு இஞ்சொண்டாய் மூண்டு பூ விரிஞ்சு நிண்டுது. கத்தரிக்காய் நிறம்.

நான் கத்தின கத்தில அம்மா கரண்டியோட ஓடி வந்தா. அவ பூவைப் பார்த்தா, மட்டையைப் பார்த்தா, திரும்பப் பூவைப் பார்த்தா. முகம் சிவந்துகொண்டு வந்துது. என்ர பூ. நான் தலைமாட்டில வைச்சுப் படுத்த பூ. அதுவும் போய் மச்சாள் வீட்டு வளவிலதான் பூக்க வேணுமோ? இவ்வளவு நாளும் அவளின்ர சாமான்தான் எனக்கு வந்தது, இப்ப என்ர சாமானும் அவளிட்டைப் போகுது!

அம்மா சுவரடியில நிண்டு கூப்பிட்டா. மாமி வெளியில வந்தா.

"உந்தப் பூ எங்கட" எண்டா அம்மா.

"எங்கட வளவில முளைச்சது எப்பிடி உங்கட?"

நான் மட்டையைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டினன். மாமி அதைத் திரும்பியும் பார்க்கேல்லை. "அது என்ர சிவப்புப் பூ. கருகிப் போச்சு. ஏன் கருகினது எண்டும் எனக்குத் தெரியும். நாள் முழுக்க குப்பை வைக்கிற சாட்டில வந்து நிண்டு பெருமூச்சு விட்டால், பூ கருகாமல் பின்ன என்ன செய்யும்?"

"அப்ப எனக்கு நாவூறு எண்டுறீங்களோ?"

அந்த நேரம் பார்த்து ஒரு பிளேன் வந்துது. ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் முறைச்சபடி, இடுப்பில கையை வைச்சுக்கொண்டு நிண்டினம். அது வீட்டுக் கூரையைத் தாண்டிப் போன பிறகு அம்மா விட்ட இடத்தில இருந்து தொடங்கினா.

"களவாய்க் கிண்டி எடுத்துக்கொண்டு போய் நட்டுப்போட்டு, எனக்கு நாவூறாம் நாவூறு!"

"ஆர் கள்ளி? நான் கள்ளியோ? இருக்க வீடு பிடிச்சுத் தந்தது நாங்கள்!"

அண்டையோட கதை பேச்சு முறிஞ்சுது. அடுத்த நாள் காலமை மாமி வாசலில நிண்டு, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுத்தி, ஒரு பால்மா ரின்னுக்குள்ள நெருப்பு மூட்டிப் போட்டா. காத்து எங்கட பக்கம். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் நாயோட வந்தவர், அவர் ஒரு பக்கம் இருமுறார், நாய் ஒரு பக்கம் தும்முது. அம்மா யன்னலைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு இருந்து இருமினா. இருமல் வந்ததால நாவூறு அம்மாவின்ரதான் எண்டு மாமிக்கு ருசுவாகிப் போச்சுது.

அப்பா ரெண்டு பக்கமும் போக ஏலாமல் ஓவர்டைம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். "என்ர தங்கச்சி பூக் களவெடுக்க மாட்டாள்" எண்டு ஒருக்காச் சொன்னார். அம்மா சோத்துக்கோப்பையை மேசையில வைச்ச சத்தத்தில பிறகு அதைச் சொல்லேல்லை.

இதுக்குள்ளதான் மச்சாள் பெரியபிள்ளை ஆனாள். நல்லாய்க் கேளுங்கோ, என்ர பூ துலைஞ்ச அதே கிழமை. பள்ளிக்கூடத்தால மறிச்சு, மேலறைக்குள்ள இருத்திப் போட்டினம். நல்லெண்ணெய்யில கத்தரிக்காய் பொரிக்கிற வாசம் நடுச்சுவரால எங்கட படிக்கட்டுக்கு வரும். அவளுக்கு உளுத்தங்களி, அவளுக்கு முட்டை, அவளுக்குப் புதுக் காப்பு. என்ர பூவுக்கு என்ன நடந்தது எண்டு கேக்க ஒரு நாதி இல்லை. பள்ளிக்கூடத்தால வரேக்க அவள் மேல் யன்னலில நிண்டு கண்ணாடியைத் தட்டி, கையைக் கீழ நீட்டி நீட்டி என்னவோ காட்டுவாள். புதுக் காப்பைக் காட்டி நடப்புக் காட்டுறாள் எண்டு நான் மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு போவன்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார், வேலை உடுப்போட, தொப்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு. "அத்தான், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குத் தண்ணி வார்க்க வேணும். தாய்மாமன் நீங்கள். நீங்கள் ரெண்டு பேரும் வராட்டில் நாங்கள் என்னெண்டு செய்யிறது?"

உங்களுக்குத் தெரியும், தாய்மாமன் தேங்காய் உடைச்சு, மாமனும் மாமியுமாய், மச்சாளுக்கு என்ர அம்மாதான் மாமி, சேர்ந்து பாலும் அறுகும் தலையில வைச்சுத் தண்ணி வார்க்காட்டில், எங்கட சனத்தில அது வார்த்ததாய்க் கணக்கில்லை. அப்பாவுக்கு ஒரே ஒரு தங்கச்சி. அண்ணன் வந்து நிக்காத சடங்கெண்டால் மாமி செத்தாலும் மறக்க மாட்டா, அப்பாவும் பிறகு அந்த வாசல்படி ஏற ஏலாது.

அம்மா குசினிக்குள்ள இருந்தே சொன்னா. "கள்ளி எண்டு சொன்ன வாயால நான் போய் ஆராத்தி எடுக்கிறதோ? பூவைத் தந்து, களவெடுத்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும், வாறன்."

மாமா போன பிறகு அப்பா கோட்டும் கழட்டாமல் படியில இருந்தார். "அவள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள்" எண்டார், ஆருக்கெண்டு இல்லாமல். அப்பாவின்ர கண் கலங்கினதை நான் கண்டது அண்டைக்குத்தான். அதுக்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எனக்காக அவர் ஒருநாளும் அப்பிடி இருந்ததில்லை.

சனிக்கிழமை. அம்மா விரதச் சோத்தைக் கொண்டுவந்து சுவரில வைச்சா. நான் பின்னால கதவு நிலையில நிண்டன். அணில் வந்துது. சோத்தைத் திண்டுது, மீசையைத் துடைச்சுது, சுவரால இறங்கி நேராய் என்ர பாத்திக்குப் போய்க் கிண்டத் தொடங்கிச்சுது. மிஞ்சிக் கிடந்த கிழங்கு ஒண்டை இலையோட இழுத்து எடுத்து, வாயில கவ்விக்கொண்டு, திரும்பச் சுவரில ஏறி, மாமி வீட்டுப் புல்லுக்குள்ள இறங்கி, குழி பறிச்சு, வைச்சு, மூடி, ரெண்டு கையாலயும் மண்ணைத் தட்டித் தட்டி அமத்திச்சுது, பிள்ளையை நித்திரையாக்கிற மாதிரி. பிறகு அம்மாவைத் திரும்பி ஒருக்காப் பார்த்திட்டுப் போச்சுது.

அம்மா கையில கரண்டியோட அப்பிடியே நிண்டா.

"அம்மா! அணில்! அணில்தான்..."

"வாயைப் பொத்து" எண்டா அம்மா. அவ்வளவுதான். கடதாசித் தட்டையும் எடுக்காமல் உள்ளுக்குப் போயிட்டா. நான் அணிலை விட அம்மாவைத்தான் அண்டைக்குப் பாவம் பார்த்தன். காகத்துக்கெண்டு வைச்சு, கள்ளனை வளர்த்து, மாமியைக் கள்ளி எண்டு ஊர் கேக்கக் கத்தி, எல்லாம் அவவின்ர கையாலதான்.

ஞாயிற்றுக்கிழமை காலமை அம்மா அலுமாரியைத் திறந்து கூறைச்சேலையை எடுத்து உடுத்தினா. அப்பா முழிச்சுக்கொண்டு நிண்டார். "என்ன பார்க்கிறியள்? தேங்காயை எடுங்கோ. நேரம் போகுது."

எனக்கு? எனக்குப் போன வருசத்து மச்சாளின்ர பாவாடை சட்டை. சொல்ல வேணுமே.

மாமி வீட்டுப் படலையடியில அம்மா நிண்டா. மழைக்கு ரெண்டு பூ கொட்டுண்டு போய், ஒண்டுதான் அந்த நிறத்தில நிண்டுது. அம்மா குனிஞ்சு நகத்தால கிள்ளி எடுத்தா. "அம்மா, அது என்ர" எண்டன். சத்தம் வரேல்லை, வந்த சத்தமும் பிளேனுக்குள்ள போச்சுது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. கோபமில்லை. கெஞ்சின மாதிரி ஒரு பார்வை. எனக்கு அப்ப அது விளங்கேல்லை.

தண்ணி வார்த்தது மேல குளியலறையில. அந்த அறைக்குள்ள ரெண்டு பேர் நிக்கலாம், பத்துப் பன்ரெண்டு பேர் நிண்டம். அப்பா வாசல்படியில தேங்காய் உடைச்சிட்டு ஓடி வந்து, அம்மாவோட சேர்ந்து பாலும் அறுகும் வைச்சார். அறுகு எண்டது பார்க்கில பிடுங்கின ஏதோ புல்லு. தண்ணி ஊத்தேக்க மாமி வாயைத் திறக்கேல்லை, அம்மாவும் திறக்கேல்லை. பிறகு மச்சாளுக்குச் சேலை உடுத்தி, இரவல் முடி வைச்சுப் பின்னி, விம்பிள்டன் கோயிலடியில ஆரோ கட்டித் தந்த மல்லிகைச் சரம் சுத்தினது. கடைசியில அம்மா சேலைத் தலைப்புக்குள்ள இருந்து அந்தப் பூவை எடுத்து அவளின்ர பின்னலில குத்தினா.

"ஐயோ!" எண்டா மாமி. "கருகின பூவைக் கொண்டுவந்து பிள்ளையின்ர தலையில..."

அம்மா ஊசியைச் சரியாக்கிக்கொண்டே சொன்னா. "இண்டைக்கு ஊர்க்கண் முழுக்க இவளிலதான். குழந்தைக்குக் கன்னத்தில கறுப்புப் பொட்டு வைக்கிறேல்லையே? இது மாமி வைக்கிற பொட்டு. என்ர கையால வைச்சிருக்கிறன். இனி ஒருத்தற்றை நாவூறும் இவளுக்குப் படாது."

மாமி ஓடி வந்து அம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழுதா. பொம்பிளையள் எல்லாரும் மூக்கைத் துடைச்சினம். "என்ன பெரிய மனசு!" எண்டினம். அப்பா கதவடியில நிண்டு அம்மாவைப் பார்த்தார், கலியாணத்தண்டும் அப்பிடிப் பார்த்திருக்க மாட்டார். அணிலைப் பற்றி அம்மா ஒரு மூச்சு விடேல்லை. தோத்த ஆள் வெண்ட மாதிரி நடுவில நிண்டா. இப்ப யோசிச்சால் கெட்டித்தனம்தான். கள்ளி எண்டு சொன்னதையும் விழுங்கி, நாவூறுப் பட்டத்தையும் கழட்டி, அண்ணனையும் தங்கச்சியையும் ஒட்டி வைக்க, ஒரு பூ செலவு.

ஆனால் அது ஆற்றை பூ? களவெடுத்தது எண்டு ஒருத்தர், கருகினது எண்டு ஒருத்தர், பொட்டு எண்டு கடைசியில ஒரு பேர். நட்டவள் நான் கதவுக்குப் பின்னால நிக்கிறன், ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. மச்சாள் கண்ணாடியில தன்ர பின்னலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு வடிவு.

அந்தப் படம் இண்டைக்கும் மச்சாள் வீட்டு வரவேற்பறையில தொங்குது. பின்னலை முன்னுக்குப் போட்டுக்கொண்டு, கத்தரிக்காய் நிறப் பூவோட, சிவப்பு டியூலிப்புக்கு நடுவில நிக்கிறாள். ஓரத்தில ஒரு முழங்கை தெரியும். அது நான்.

அடுத்த வருசம் எனக்கும் தண்ணி வார்த்தினம். எனக்கு வந்தது தை மாசம், வெளியில பனி. தோட்டத்தில ஒரு இலையும் இல்லை, விம்பிள்டனில மல்லிகையும் இல்லை. பிளாஸ்ரிக் பூ வைச்சவை. அந்தப் பிளாஸ்ரிக் பூவும் மச்சாள் ஏதோ நடனத்துக்கு வைச்சுக் கழட்டினது.

அந்த வலைப்பையும் மட்டையும் எங்க போச்சுதோ தெரியாது. பிறகு நாங்கள் சொந்த வீடு வாங்கி ரெண்டு தெரு தள்ளிப் போனம். நான் இப்ப ஒவ்வொரு ஐப்பசியும் டியூலிப் நடுறன். மட்டையில சொன்ன மாதிரி ஆழமாய்த் தாட்டு, மேல கோழிவலை விரிச்சு, நாலு மூலைக்கும் கல்லு வைச்சு. ஒரு அணிலும் கிட்ட வர ஏலாது. அப்பாவும் இல்லை, மாமாவும் மாமியும் இல்லை. அம்மா என்னோட. அவவுக்கு இப்ப ஞாபகம் வாறதும் போறதும். நேற்றுச் சாப்பிட்டதைக் கேட்டால் தெரியாது, சனிக்கிழமை எண்டால் மட்டும் சுவரில சோறு வைக்கச் சொல்லி ஆக்கினை. வைக்கிறன். அந்த அணிலின்ர பேரப்பிள்ளையள் வந்து திண்டிட்டுப் போகுதுகள்.

மச்சாளும் சனிக்கிழமையில வருவாள். மாமியைப் பார்க்க எண்டு, அதாவது என்ர அம்மாவைப் பார்க்க. போன சனிக்கிழமை நான் தேத்தண்ணி ஊத்தேக்க அவள் கேட்டாள், "யன்னலால கண்ணாடியைத் தட்டித் தட்டி அணிலைக் காட்டினன், நீ ஏனடி ஒருநாளும் திரும்பிப் பார்க்கேல்லை?" நான் ஊத்தின தேத்தண்ணி கோப்பை நிரம்பி மேசையில வழிஞ்சுது. காப்பு எண்டுதானே இவ்வளவு காலமும் நினைச்சனான்.

அவள் வரேக்க கடையில ஒரு கட்டு டியூலிப் வாங்கி வந்தவள், கத்தரிக்காய் நிறம். அம்மாவின்ர மடியில வைச்சாள். அம்மா ஒண்டை உருவி எடுத்து வெளிச்சத்தில பிடிச்சா. கனநேரம் பார்த்தா.

"இந்தப் பூவை நான் என்ர பிள்ளையின்ர தலையில வைச்சனான்" எண்டா. "அவளின்ர தண்ணி வார்வைக்கு. அவள்தான் நட்டவள். கையெல்லாம் மண்ணாய், குளிருக்குள்ள குந்தி இருந்து நட்டவள். எவ்வளவு வடிவாய் இருந்தவள் தெரியுமே?"

நான் வாயைத் திறந்தன். அது நானில்லை அம்மா, படம் மச்சாள் வீட்டிலதான் தொங்குது எண்டு சொல்ல.

மச்சாள் முந்திட்டாள். "ஓம் மாமி" எண்டாள், என்னைப் பார்க்காமல். "அவளின்ர தலையிலதான். நான் பக்கத்தில நிண்டு பார்த்தனான். எனக்கு அப்ப சரியான பொறாமை."

ஒரு பிளேன் போச்சுது. மூண்டு பேரும் சும்மா இருந்தம்.

அது போன பிறகு அம்மா என்னைக் கையால கூப்பிட்டா. "கிட்ட வா. குனி." நான் குனிஞ்சன். நரைச்சு, கட்டையாய் வெட்டின தலை என்ர. அம்மா குத்திக் குத்திப் பார்க்கிறா, பூ நிக்குதில்லை, வழுகி வழுகி மடியில விழுது. மச்சாள் தன்ர தலையில இருந்த கிளிப்பைக் கழட்டி நீட்டினாள்.

வழக்கம் போல, அவள் போட்டுக் கழட்டினது. நான் தலையை இன்னும் கொஞ்சம் குனிஞ்சு குடுத்தன்.